பதினைந்து நாள் நகரமும் ஒன்றரை நாள் பயணமும்

கோடை விடுமுறை நெருங்க நெருங்க நம் ஆலயங்களின் அறிவிப்புப் பலகைகளில் வண்ணத் தாள்கள் பூக்கத் தொடங்கிவிடுகின்றன. பன்னிரண்டு நாள்களில் ஆறு நாடுகள். பதினான்கு நாள்களில் எட்டு நாடுகள். லூர்து உண்டு, பாத்திமா உண்டு, பனிமலை உண்டு, பாரிஸ் கோபுரம் உண்டு, நடுவில் எங்கோ உரோமையும் உண்டு. உரோமைக்கு எத்தனை நாள் என்று விரலை ஓட்டித் தேடினால், தாராள மனம் படைத்த தாளில் ஒன்றரை நாள் என்றிருக்கும். காலையில் வத்திக்கான் அருங்காட்சியகம், சிஸ்டைன் சிற்றாலயம், பேதுரு பேராலயம். நண்பகலில் இந்திய உணவு. பிற்பகலில் கொலோசியம், அதுவும் ‘வெளியிலிருந்து காணுதல்’. மாலையில் திரேவி நீரூற்றில் நாணயம் எறிதல். மறுநாள் விடியுமுன் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும்.

இந்தப் பயண நிரலைத்தான் நாம் இங்கே வழக்குக்கு இழுக்கிறோம். விடுமுறை எடுப்பதையோ வெளிநாடு செல்வதையோ குறை கூறுவது நம் நோக்கமன்று. உழைத்துச் சேமித்தவர் உலகைக் காண விரும்புவது நல்ல ஆசை. ஆனால் இருபத்தேழு நூற்றாண்டு மரபுடைய ஒரு நகரை ஒன்றரை நாளில் ‘முடித்துவிடலாம்’ என்று திட்டமிடுவது, போகிறவரின் சேமிப்பையும் கால்களையும் மட்டுமல்ல, அந்த நகரத்தாரின் வாழ்வையும் வீணாக்கும் செயல் என்பதே நம் வாதம்.

உரோமைப் பயணத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்ற வினா புதியதன்று. 1300ஆம் ஆண்டிலேயே அதற்கு அதிகாரபூர்வமான விடை ஒன்று அளிக்கப்பட்டது. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபோது, நிறைபலன் பெற விரும்புவோர் பேதுரு, பவுல் பேராலயங்களை நாள்தோறும் சந்திக்க வேண்டும் என விதித்தார். வேற்றூரிலிருந்து வருவோர்க்குப் பதினைந்து நாள். உரோமையிலேயே குடியிருப்போர்க்கு முப்பது நாள்! நாமாயிருந்தால் கணக்கை மாற்றிப் போட்டிருப்போம். உள்ளூரார்க்குத்தான் எல்லாம் தெரியுமே, அவர்களுக்குக் குறைவாக வைக்கலாமே என்றிருப்போம். அருகில் இருப்பவனுக்கே அதிக நாள் வேண்டும் என்று அந்த ஏடு கருதியது. எந்நேரமும் கண்ணில் படுவதைக் காண்பதுதான் எல்லாவற்றினும் கடினம் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

அந்தப் பதினைந்து நாள் விதி பிற்காலத்தில் தளர்த்தப்பட்டது. இன்று எவரும் அதைக் கேட்பதில்லை. என்றாலும் அதைக் கேட்ட காலத்தில் வந்தவர்கள் விமானத்தில் வரவில்லை. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள். வந்து சேர்வதற்கே அவ்வளவு நாள் செலவழித்தவரிடம் இன்னும் பதினைந்து நாள் நில் என்று சொல்ல முடிந்தது. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வந்து இறங்குகிறவரிடம் மூன்று நாள் நில் என்று சொல்ல இன்று ஆளில்லை.

அக்காலத்திலும் கூட்டம் இல்லாமலில்லை. 1300இல் சந்த் ஆஞ்செலோ பாலத்தில் மக்கள் வெள்ளம் பெருகியபோது, போகிறவர் ஒரு புறம், வருகிறவர் மறுபுறம் என்று வகுத்து நடத்தினார்கள். தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில் இதையே ஓர் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். 1450ஆம் ஆண்டு யூபிலியின்போது அதே பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனவே பழங்காலம் பொற்காலம் என்று பாட நாம் முன்வரவில்லை. நாம் ஒப்பிடுவது கூட்டத்தையன்று. வந்தவர் அந்த நகரத்துக்கென ஒதுக்கிய காலத்தை.

சிஸ்டைன் சிற்றாலயத்தையே எடுத்துக்கொள்வோம். மைக்கேல் ஆஞ்சலோ அதன் மேற்கூரையைத் தீட்ட 1508 முதல் 1512 வரை உழைத்தார். பீடத்தின் பின்சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கு 1536 முதல் 1541 வரை. கூரையில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு இப்போது ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்த ஓர் அறைக்காகவே வருகின்றனர். நீண்ட கூடங்கள் வழியே தோளோடு தோள் இடித்து நகர்ந்து, கிரேக்கச் சிற்பங்களையும் இரஃபேலின் அறைகளையும் ஓரக்கண்ணால் கூடப் பாராமல் வந்து சேர்ந்தால், உள்ளே பேசக் கூடாது, படமெடுக்கக் கூடாது. காவலர் ‘அமைதி, அமைதி’ என்று உரத்துக் கூறிக்கொண்டேயிருப்பார். அந்த அறையில் மிகுதியாகக் கேட்கும் ஓசை அதுவே. வழிகாட்டி அங்கே விளக்கமளிக்க இயலாதாகையால், முன்கூட்டியே வெளியில் ஒரு பலகைக்கு எதிரே நிறுத்தி அவசரமாக எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிடுவார். கழுத்தை அண்ணாந்து பத்து நிமிடம். அதற்குள் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிடும். நான்காண்டு உழைப்புக்குப் பத்து நிமிடம் என்பது விகிதாசாரக் கணக்கு அல்லதான். ஆனால் எந்த உருவத்தையும் இரண்டாம் முறை பார்க்க வாய்க்காத ஒருவர் அந்த ஓவியத்தைக் கண்டார் என்று நாம் எப்படிச் சொல்வது?

சென்று திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘எல்லாம் பார்த்தோம்’ என்பார்கள். எது எந்த ஊரில் என்று கேட்டால் கைப்பேசியை எடுத்துப் படத்தைத் தேடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி, ஐந்நூறு கிலோ மீட்டர் பேருந்தில் ஏற்றி, மாலையில் ஒரு பேராலயத்தின் முன் இறக்கிவிட்டு ‘நாற்பது நிமிடம்’ என்றால், மூட்டுவலியுள்ள ஒரு தாய் என்ன செய்வார்? ‘நீங்கள் போய் வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்’ என்பார். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டுப் பேருந்தின் கண்ணாடி வழியே உரோமையைப் பார்க்கும் அத்தாயை எந்த விளம்பரத் தாளும் படமெடுத்துப் போடுவதில்லை.

விசா விண்ணப்பத்தில் ஒரு விதி உண்டு. ஷெங்கன் ஒப்பந்த நாடுகள் பலவற்றுக்குச் செல்பவர், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு நாள் பயணிகள் மெய்யாக விடையளிப்பதானால் ‘பேருந்தில்’ என்றே எழுத வேண்டியிருக்கும். (விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம் என்பதையும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதையும், 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.)

இனி அந்நகரத்தார் பக்கம் திரும்புவோம். உரோமையின் பழைய நகர்ப்பகுதியை 1980இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அந்தச் செல்வத்துள் மனிதர் குடியிருந்தனர் என்பதுதான் மறந்துபோயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே வாழ்ந்தோரின் தொகை பெருமளவு குறைந்துவிட்டது. அண்மைக் காலத்தில் அக்குறைவுக்குப் புதுக் காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுதும் வாடகைக்கு விடுவதைவிட, இரண்டு இரவு, மூன்று இரவு தங்குவோர்க்கு விட்டால் பன்மடங்கு வருவாய். எனவே தையற்காரரும் தச்சரும் ஓய்வூதியக்காரரும் வெளியேற, அவர்கள் வீட்டு வாசல்களில் இரகசிய எண் பூட்டுடன் சாவிப் பெட்டிகள் தொங்கின. 2024இன் பிற்பகுதியில் உரோமையர் சிலர் அந்தப் பெட்டிகளைப் பறித்து, அவை இருந்த இடத்தில் ராபின் ஹூட் தொப்பியை மாட்டித் தம் எதிர்ப்பைக் காட்டினர். அவ்வாண்டு நவம்பரில் இத்தாலிய உள்துறை அமைச்சகம், விருந்தினரை நேரில் பார்த்தே அடையாளம் உறுதி செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. பாதுகாப்பை முன்னிட்டு எழுந்த அந்த ஆணை பின்னர் வழக்கு மன்றங்களுக்கும் சென்றது.

வந்தவரை வீட்டுக்காரர் முகம் பார்க்க வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டிய நிலைக்கு எந்த நகரம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புனித பிலிப்பு நேரியார் 1548இல் தொடங்கிய சகோதரர் குழு, 1550ஆம் ஆண்டு யூபிலிக்கு வந்த ஏழைப் பயணிகளுக்குப் படுக்கையும் உணவும் தந்து, நடந்து வந்த அவர்தம் கால்களைக் கழுவியது இதே உரோமையில்தான்.

ஸ்பானியப் படிகள் எனப் புகழ்பெற்ற, 1720களில் கட்டப்பட்ட அந்தப் படிக்கட்டில் உட்காருவது 2019இல் தடை செய்யப்பட்டது. மீறினால் 400 யூரோ வரை தண்டம். படியில் உட்காராதே என்பது கடுமையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள் விட்டுச்சென்றவற்றைத் தினமும் கூட்டியவரைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

இன்னொரு கொள்ளையும் உண்டு. கொலோசியத்துக்கு நியாய விலையில் நுழைவுச் சீட்டு கிடைப்பது அரிதாகி, வழிகாட்டியுடன் சேர்த்து விற்கப்படும் விலை கூடிய சீட்டுகளை வாங்குவதே பல காலம் பயணிகளின் தலைவிதியாயிற்று. 2025 ஏப்ரலில் இத்தாலியப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, தானியங்கிக் கணினி நிரல்கள் மூலம் சீட்டுகளை அள்ளிக்கொண்ட பயண நிறுவனங்கள் மீதும், விற்பனைப் பொறுப்பிலிருந்த நிறுவனத்தின் மீதும் மொத்தம் ஏறத்தாழ 2 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஒரே நாளில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லாவிட்டால் இந்த வாணிகம் தழைத்திருக்குமா?

இவ்வளவுக்கும் எதிராக எழும் ஒரு கேள்வியை நாம் இலேசாகத் தள்ள முடியாது. ‘ஐயா, வசதியுள்ளவர் ஆண்டுதோறும் போகலாம், ஒரு நகரில் ஒரு வாரம் உட்காரலாம். எங்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். போகிற ஒரே முறையில் எல்லாவற்றையும் பார்த்துவிடக் கூடாதா?’ நியாயமான கேள்வி. மகா கவி கதே 1786 அக்டோபர் இறுதியில் உரோமைக்கு வந்து, இடையில் நேப்பிள்ஸுக்கும் சிசிலிக்கும் சென்று மீண்டு, 1788 ஏப்ரல் வரை தங்கினார் என்றால், அவர் ஒரு சிற்றரசின் அமைச்சர்; விடுப்பிலும் அவருக்கு ஊதியம் வந்தது. அவரைக் காட்டி நம் பள்ளி ஆசிரியைக்கு அறிவுரை சொல்வது அறமாகாது.

ஆயினும் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். விமானக் கட்டணம் ஒரு நகருக்குப் போனாலும் ஆறு நாட்டுக்குப் போனாலும் ஏறத்தாழ ஒன்றே. மிகுதிப் பணம் எங்கே போகிறது? நகரிலிருந்து நகருக்கு ஓடும் பேருந்துக்கும், தினம் ஒரு புது விடுதிக்கும், ஒவ்வோரிடத்திலும் புதிதாக அமர்த்தப்படும் வழிகாட்டிக்கும். அதே பணம் ஒரே ஊரில், துறவற இல்லங்கள் நடத்தும் எளிய விருந்தினர் விடுதியொன்றில், எத்தனை இரவுகளாக நீளும் என்று எவரேனும் போட்டுப் பார்த்ததுண்டா? உரோமை மாநகராட்சி இரவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் தங்கல் வரி வாங்குகிறது. ஐந்து நட்சத்திர விடுதியில் அது 10 யூரோ. எளிய விடுதிகளில் அதனினும் குறைவு. பத்து இரவுக்கு மேல் அந்த வரியும் இல்லை. தங்கியிருப்பவனிடம் மேற்கொண்டு வாங்கக் கூச்சப்படும் வரி இது ஒன்றுதான்.

மேலும், உரோமையின் ஆகச் சிறந்த செல்வங்கள் இலவசம். பேதுரு பேராலயத்துக்குக் கட்டணமில்லை. புதன்கிழமைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்குக் கட்டணமில்லை. 2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் துயிலும் மேரி மேஜர் பேராலயத்துக்குக் கட்டணமில்லை. கல்லில் அவர் பெயர் மட்டுமே உள்ளது. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் குளிர்ந்த குடிநீர் இடையறாது ஓடும்; இத்தகைய குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். குப்பி நீர் வாங்கிக் காசைக் கரைக்கிறவர் வழிகாட்டியிடம் கேளாதவர்.

கராவாஜ்ஜோவின் ஓவியங்களைக் காண உலகப் பெருநகரங்களில் கட்டணம் கட்டிக் காத்திருப்பார்கள். உரோமையில் அவர் தீட்டிய மத்தேயு வரலாற்று ஓவியங்கள் மூன்றும் பிரெஞ்சு மக்களின் புனித லூயி ஆலயத்தில் சும்மா நுழைந்தாலே காணக் கிடைக்கும். அங்கிருந்து சில நிமிட நடையில் புனித அகுஸ்தினார் ஆலயம். நுழைந்ததும் இடப்பக்கத்து முதல் சிற்றாலயத்தில் அவருடைய இன்னொரு படம் இருக்கிறது. வீட்டு வாசலில் குழந்தையைத் தாங்கி நிற்கிறார் அன்னை. எதிரே முதியவர் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கோலூன்றி வந்து மண்டியிட்டிருக்கின்றனர். பார்ப்பவர் கண்ணுக்கு நேராக இருப்பது அந்த ஆணின் உள்ளங்கால்கள், அழுக்கேறிய உள்ளங்கால்கள். பீடத்துக்கு மேல் இந்தக் கால்களையா வரைவது என்று அக்காலத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாம் இதுவரை பார்த்த எந்தப் பயண நிரலிலும் இந்த ஆலயத்தின் பெயர் இல்லை. பேருந்து நிறுத்த இடமில்லை என்பது காரணமாயிருக்கலாம்.

கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வண்டியேறுகிறார்களே, அங்கிருந்து நடக்கும் தொலைவிலுள்ள புனித கிளமெந்து ஆலயத்தையும் சொல்ல வேண்டும். மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயம். படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டு ஆலயம். மேலும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரா என்னும் கடவுளின் வழிபாட்டுக் கூடமும். இன்னும் கீழே எங்கோ நீர் ஓடும் ஒலி கேட்கும். 1857இல் முல்லூலி என்ற அயர்லாந்துத் தொமினிக்கன் துறவி தோண்டத் தொடங்கும்வரை மேலிருந்தவர்க்குக் கீழிருந்தது தெரியாது. நடு அடுக்கின் சுவரோவியமொன்றில், இலத்தீனிலிருந்து பிரிந்து இத்தாலிய மொழி தனிவடிவம் பெறுகிற காலத்து எழுத்துகள் உள்ளன; மொழி வரலாற்றார் பெரிதும் போற்றும் அவ்வரிகளில் ஒன்று, ஓர் ஆலயச் சுவரில் நாம் எதிர்பாராத கடும் வசைமொழி. கீழே இறங்கச் சிறு கட்டணம் உண்டு. ஒரு முற்பகல் முழுதும் வேண்டும்.

பிலிப்பு நேரியாரிடமே மீண்டும் போவோம். விடுமுறைத் திட்டம் போடுவதில் அவரை மிஞ்சியவர் இல்லை. தவக்காலத்துக்கு முந்தைய களியாட்ட நாள்களில் உரோமை இளைஞர் கட்டுக்கடங்காமல் திரிந்தபோது, கொண்டாடாதே என்று அவர் சொல்லவில்லை. வாருங்கள் நடப்போம் என்றார். ஏழு ஆலயங்கள், ஏறத்தாழ இருபது கிலோ மீட்டர். வழியில் பாட்டு. நண்பகலில் ஒரு தோட்டத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் முட்டையும் திராட்சை இரசமும். நகர மதிலுக்கு வெளியே வயல்வெளியில் நடந்து பவுல் பேராலயம், செபஸ்தியார் ஆலயம் என்று போகும் அவ்வழியை இன்றும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதியோர் அதை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். நகரப் பேருந்துகள் உண்டு. ஆனால் நம் நிரல்கள் திருப்பயணம் வேறு, உல்லாசம் வேறு என்று பிரித்துவிட்டு, இரண்டையும் ஓடவிட்டு, இரண்டும் இல்லாமல் ஆக்குகின்றன.

திரேவி நீரூற்றில் நாணயம் எறிந்தால் உரோமைக்கு மீண்டும் வருவோம் என்பது நம்பிக்கை. எறியப்படும் காசு ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் யூரோ அளவுக்குச் சேர்ந்து, உரோமைக் காரித்தாஸ் வழியாக ஏழைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே எறிய வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆனால் முதல் வருகையில் நின்று பாராதவர் இரண்டாம் வருகைக்குக் காசு கட்டுவது வேடிக்கைதான்.

பயணக் குழுக்களை அமைக்கும் பங்குத் தந்தையர்க்கும் ஏற்பாட்டாளர்க்கும் நம் வேண்டுகோள் இது. மே மாதத்தை விடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குழுவுக்கு மே எதற்கு? ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 பாகையைத் தாண்டும். நவம்பரில் மழை பெய்யும், மழை நமக்குப் புதிதன்று. அப்போது வரிசைகள் குறுகும். பல ஆலயங்கள் நண்பகலில் சாத்திப் பிற்பகல் மூன்றரை, நான்குக்கே திறக்கும் என்பதால், அந்த நேரத்தை ஓய்வுக்கென விட்டுவிடுங்கள். உரோமையரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், ஒரு சிறிய இடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். அடுத்த ஆண்டுத் தாள் அச்சுக்குப் போகுமுன் ‘ஒரே நகரம், ஏழு இரவு’ என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் சேர மாட்டார்கள் என்று அஞ்ச வேண்டாம். பதினைந்து பேர் போதும். கிளமெந்து ஆலயத்தின் கீழ்ப்படிகளில் ஐம்பது பேர் ஒருசேர இறங்க இடமும் இல்லை.